பூட்டிடம் சொன்னது

ஜனவரி 9

தம்பிக்கு,

நாலு நாளாக நீ போன் அடிக்கிறாய், நான் எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன். போனில் உன்னை நம்ப முடியாது. "அக்கா…" என்று நீ ஒரு இழு இழுத்தால் எனக்கு மனசு இளகிவிடும். வைத்த பிறகுதான் உறைக்கும், அது ஏதோ ஒரு படத்தில் சாகக் கிடந்தபோது நீ பேசிய குரல் என்று. காகிதத்தில் உன்னால் நடிக்க முடியாது. உன் கையெழுத்து அந்த லட்சணம். அதனால் சொல்ல வேண்டியதை எழுது.

புதுப் படத்தைப் பார்த்தோம். மார்க் போடவில்லை.

நீ நடிக்கப் போன முப்பத்திரண்டு வருஷத்தில் நான் எதற்கும் மார்க் போடாமல் விட்டதில்லை. ஆபரேஷன் அறையிலிருந்து வெளியே வந்து தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாயே, அந்த டாக்டருக்குக்கூட அறுபத்திரண்டு போட்டேன். எல்லாம் முடிந்த பிறகு ஜீப்பில் வந்து இறங்குகிற இன்ஸ்பெக்டராக ஒன்பது படம், ஒன்பதுக்கும் போட்டேன். கணக்கு டீச்சருக்கு வேறு என்ன தெரியும்? இந்தப் படத்துக்கு மட்டும் கை வரவில்லை.

கஞ்ச வீட்டுக்காரனாக வருகிறாய். வெளியே கிளம்பும்போதெல்லாம் கதவைப் பூட்டி, கையில் சாவிக்கொத்து கிலுகிலுக்க அந்தப் பூட்டை மூன்று தடவை தட்டி, "பாத்துக்கோ" என்று அதனிடமே சொல்லிவிட்டுப் போகிறாய். தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. முதல் தடவை நானும் சிரித்துத் தொலைத்தேன், அதுதான் எனக்கு ஆத்திரம். சிரித்த வாயோடு பக்கத்தில் திரும்பினால், உன் அத்தான் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலது கையை இடது கைக்குள் வைத்து மூடிக்கொண்டிருந்தார்.

அத்தோடு விட்டாயா? டிவி பேட்டியில் வேறு, "இது என் அத்தானிடம் சுட்டது. பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருக்கிறார். வீட்டில் திருடிக்கொண்டு போக ஒன்றும் கிடையாது, இருந்தும் முப்பது வருஷமாகப் பூட்டைத் தட்டிக்கொண்டிருக்கிறார்" என்று சொல்லிச் சிரித்தாய். மறுநாளிலிருந்து டிப்போவை விட்டு வெளியே போகிற ஒவ்வொரு பஸ்ஸும் அவர் அறை ஜன்னலைத் தாண்டும்போது கண்டக்டர் பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தை மூன்று தட்டு தட்டி, "பாத்துக்கோ!" என்று கத்தினான். ஒரு நாளைக்கு நூற்றுப் பதினாலு பஸ். அவர் சொல்லி எனக்குத் தெரியவில்லை. அவரைக் கூட்டிவர ஒருநாள் போனபோது நானே காதால் கேட்டேன்.

டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி அவர் ரிட்டயர் ஆனார். பிரிவு உபசாரத்தில் எல்லோரும் சேர்ந்து என்ன கொடுத்தார்கள் தெரியுமா? பித்தளையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு. பிரியமாகத்தான் கொடுத்தார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். அவரும் சிரித்து வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் அதைச் செருப்பு வைக்கிற அலமாரியில் கடைசித் தட்டில் வைத்தார்.

அன்றிலிருந்து அவர் பூட்டைத் தட்டுவதில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு நாள் தவறாமல் செய்ததை நிறுத்திவிட்டார். நீதான் காரணம்.

அக்கா


ஜனவரி 15

அன்புள்ள அக்கா,

கையெழுத்தைத் திட்டினாய் என்று நிறுத்தி நிறுத்தி எழுதுகிறேன். இந்தப் பக்கம் மட்டும் ஒன்றரை மணி நேரம். பாதி வழியில் டீ ஆறிவிட்டது.

முதலில் என் பக்கத்தையும் கேள். நான் வானத்திலிருந்தா நடிப்பைப் பறித்துக்கொண்டு வருகிறேன்? தெரிந்தவர்களிடம்தான் எடுக்கிறேன், எப்போதும் அப்படித்தான். நீதிபதியாக நடித்தபோது தீர்ப்பைப் படிப்பதற்கு முன் ஒரு இருமல் இருமினேனே, அது நம் அப்பா ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இருமுகிற இருமல். அதற்கு எண்பத்தெட்டு போட்டு, "அப்பாவையே பார்த்த மாதிரி இருந்ததுடா" என்று அழுதது யார்? பெண் பார்க்க வருகிற மாமியார்க்காரியை நான் பெண் வேஷத்தில் செய்தபோது சித்தியின் கடைக்கண் பார்வையை எடுத்தேன். சித்தி தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள். ஹெட்மாஸ்டர் வேஷத்தில் சாக்பீஸை இரண்டாக உடைத்துவிட்டுத்தான் எழுதத் தொடங்குவேன். அது நீ. இதுவரை நீ கண்டுபிடிக்கவில்லை.

அப்போதெல்லாம் இனித்தது, இப்போது மட்டும் கசக்கிறதா அக்கா? அத்தான் கோபித்துக்கொள்ளத் தெரியாத மனுஷன். நான் இருபத்திரண்டு வயதில் ஒரு தகரப் பெட்டியோடு உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, "எத்தனை நாளைக்கு?" என்று கேட்காமல் முன்அறையில் எனக்குப் பாயைப் போட்டவர். அவர் மனசு நோகிற மாதிரி நான் எதையாவது வேண்டுமென்றே செய்வேனா? பூட்டைத் தட்டுவது வேடிக்கையான பழக்கம், அவ்வளவுதானே. நாலு நாள் சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள்.

ஆனால் மறக்கவில்லை. அதுதான் இப்போது விஷயம். கேட்டுவிட்டு நாற்காலியிலிருந்து விழுந்துவிடாதே. டைரக்டர் அந்தக் கஞ்சனை மட்டும் வைத்து ஒரு முழுப் படம் எடுக்கிறார். நான்தான் ஹீரோ! ஐம்பத்துநாலு வயதில்! இத்தனை காலமாகப் போஸ்டரில் கதாநாயகனின் தோளுக்குப் பின்னால் என் காது மட்டும் தெரியும். டைட்டிலில் என் பெயர் வரும்போது ஜனங்கள் இன்னும் இருட்டில் சீட்டைத் தேடிக்கொண்டிருப்பார்கள். இப்போது நடுவில் நான், என் கையில் பூட்டு. படம் முழுக்க அந்தத் தட்டும் அந்த வார்த்தையும்தான். "அது இல்லேன்னா படமே இல்ல சார்" என்கிறார் டைரக்டர்.

இந்த ஒரு வாய்ப்புக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? அத்தானிடம் நீயே பக்குவமாக ஒரு வார்த்தை சொல்லி வை. அவர் சம்மதம் இல்லாமல் கையெழுத்துப் போட எனக்கு ஒருமாதிரி இருக்கிறது.

உன் ஒட்டடைக்குச்சி
(தொந்தி போட்ட பிறகும் நீ மட்டும்தான் என்னை அப்படிக் கூப்பிடுகிறாய்)


ஜனவரி 20

ஒட்டடைக்குச்சிக்கு,

அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இதை எழுத வேண்டிவரும் என்று நினைத்ததில்லை, உனக்கே தெரிந்திருக்கும் என்று இருந்துவிட்டேன்.

நீ வந்து சேர்ந்த வருஷம் நான் பள்ளிக்கூட மாடிப்படியில் விழுந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? இருக்கும், ஆனால் எந்த அளவுக்கு என்று தெரியவில்லை. அப்போது உன் தலையில் ஸ்டுடியோ கேட்டைத் தவிர வேறொன்றும் ஏறாது. முதுகில் அடி. நாலு மாசம் பலகையில் மல்லாக்கப் படுத்தே கிடக்க வேண்டும், புரளக்கூடக் கூடாது என்றார் டாக்டர். கூட இருக்க ஆள் கிடையாது. அவருக்கு லீவு கிடையாது. எழுந்து வந்து உள்தாழ்ப்பாள் போட என்னால் முடியாது. அதனால் காலையில் அவர் வெளியே பூட்டிவிட்டு, இன்னொரு சாவியைக் கீழ்வீட்டுத் தையற்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவார். மத்தியானம் அந்த அம்மா வந்து திறந்து சாப்பாடு கொடுப்பார்.

காலையிலிருந்து மத்தியானம்வரை நான் பூட்டிய வீட்டுக்குள் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. நெருப்புப் பிடித்தால் என்ன செய்வது, மூச்சு முட்டினால் யாரைக் கூப்பிடுவது என்று நிமிஷத்துக்கு நிமிஷம் பயம். அவரிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

தினமும் பூட்டு விழுகிற சத்தம் கேட்கும். பிறகு மூன்று தட்டு. பிறகு, "பாத்துக்கோ." அதற்குப் பிறகுதான் படிக்கட்டில் இரண்டு பேர் இறங்குகிற சத்தம். ஒன்று அவர். தடதடவென்று குதித்துக்கொண்டு போகிறவன் நீ.

வெளியில் அவர் பக்கத்தில் நின்று தினமும் அதைப் பார்த்தவன் நீதான். நான் உள்ளே இருந்து கேட்டவள். அந்த மூன்று தட்டும் கேட்ட பிறகு எனக்குப் பயம் போய்விடும், மத்தியானம்வரைக்கும் தாங்கும்.

நான் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் அவர் விடவில்லை. இருவரும் சேர்ந்து கிளம்பினால்கூடத் தட்டுவார். "உள்ளே யாரும் இல்லையே, இப்ப யாரைப் பாத்துக்கச் சொல்றீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "நீ திரும்பி வரப்போற வீடுதானே?" என்றார்.

வீட்டில் திருடிக்கொண்டு போக ஒன்றும் கிடையாது என்று பேட்டியில் சொன்னாயே. நான் இருந்தேன்டா.

போன வியாழக்கிழமை எனக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடம் போகவில்லை. அவர் மருந்து வாங்கக் கிளம்பினார். பூட்டு விழுந்தது. நான் படுத்தபடியே காத்திருந்தேன். உடனே செருப்புச் சத்தம்தான் கேட்டது, படியிறங்கிப் போய்விட்டார். வயசான காலத்தில் போர்வையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். எதற்கு என்று அவரிடம் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

படத்தில் நடிப்பதும் நடிக்காததும் உன் இஷ்டம். அவர்தான் அதை விட்டுவிட்டாரே, இனி அது உன்னுடையதுதான், எடுத்துக்கொள். நான் குறுக்கே நிற்கவில்லை. உனக்கு ஹீரோ வேஷம் வந்ததில் எனக்குச் சந்தோஷம் இல்லை என்றும் நினைத்துக்கொள்ளாதே. கடிதத்தைப் படித்ததும் முதலில் ஒரு குதி குதித்தேன்.

அக்கா


பிப்ரவரி 26

அக்கா,

ஒரு மாசத்துக்கு மேலாகிவிட்டது. எத்தனை தடவை எழுதிக் கிழித்தேன் என்று லாட்ஜில் குப்பை எடுக்கிற அம்மாவைக் கேள், அவர்கூடச் சலித்துக்கொண்டார்.

நான் கையைப் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. என் தொழிலில் இதைவிடப் பெரிய தப்புக் கிடையாது. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நானே சொல்லுவேன், "ஒருத்தர் செய்றதை எடுக்காதே, ஏன் செய்றார்னு கேட்டுட்டு எடு" என்று. சொன்ன வாயைக் கொண்டுபோய் எங்கே வைத்துக்கொள்வது? அத்தான் இரண்டடி தூரத்தில் நின்று தட்டினார், நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பஸ் போய்விடுமே என்று தவித்தேன். உள்ளே நீ கிடந்தது எனக்குத் தெரியாமல் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். மன்னித்துவிடு என்று எழுதினால் வசனம் மாதிரி இருக்கிறது. வேறு வார்த்தை தெரியவில்லை. மன்னித்துவிடு.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். "எடுத்துக்கொள்" என்று நீ எழுதிய கோபத்தில், கையெழுத்துப் போட்டுவிடுவோம் என்றுதான் போனேன். பொய் சொல்ல மாட்டேன், ஆசை விடவில்லை. டைரக்டர் ஒரு காட்சியை ஒத்திகை பார்க்கலாம் என்றார். செட்டில் கதவுக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது அக்கா. முட்டுக்கொடுத்த இரண்டு கட்டை, ஒரு வாளி, யாரோ காயப்போட்ட துண்டு. கதவைப் பூட்டினேன், கையைத் தூக்கினேன். அந்த வெறும் பலகைக்குப் பின்னால் நீ மல்லாக்கப் படுத்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

"என்ன சார், கை மறந்துடுச்சா?" என்றார் டைரக்டர்.

"கை மறக்கல சார். என்னால முடியாது, வேற ஆளைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு மேக்கப்பைக்கூடக் கலைக்காமல் வந்துவிட்டேன். தெருவில் ஒரு பெண்மணி, "பாத்துக்கோ சார்!" என்று கையாட்டிவிட்டுப் போனார். இரண்டே நாளில் வேறு ஒருவரைப் போட்டுவிட்டார்கள். தட்டு கிடையாதாம், அவர் பூட்டுக்கு முத்தம் கொடுக்கிறாராம். கொடுக்கட்டும். இதை அத்தானிடம் சொல்லாதே. அவருக்காக விட்டேன் என்று தெரிந்தால் அது அவர் தலையில் இன்னொரு சுமை.

வருத்தம் இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. ஒரு வாரம் கண்ணாடி பார்த்துச் சவரம் செய்யப் பிடிக்கவில்லை.

இன்னொரு சேதி, பதறாதே. போன திங்கட்கிழமை வேறு ஒரு படத்தில் வாட்ச்மேன் வேஷம். மாடிப்படியில் சுடப்பட்டு உருண்டு விழ வேண்டும். என் நாற்பத்திரண்டாவது சாவு. நாற்பத்தோரு முறை ஒழுங்காகச் செத்தவன், இந்த முறை மெத்தை ஒரு படி தள்ளிக் கிடந்ததைக் கவனிக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு, ஆறு வாரம் கட்டு. நிஜமாக வலித்துக் கத்தினேன். "சூப்பர் சார், டேக் ஓகே" என்று கைதட்டினார்கள். அறையில் தனியாகத்தான் கிடக்கிறேன், ஆனால் ஒரு குறையும் இல்லை. இந்தக் கடைசி வரியை நம்பாதே என்று நீ சொல்வாய். காகிதத்தில் எனக்கு நடிக்க வராது என்பது சரிதான்.

உன் தம்பி


மார்ச் 3

டேய்,

காலை உடைத்துக்கொண்டு, அதைக் கடிதத்தின் கடைசிப் பத்தியில் எழுதுகிறாயே, உனக்கு அறிவு இருக்கிறதா? ஆறு வாரம் லாட்ஜில் கிடந்து யார் உனக்குத் தண்ணீர் மொண்டு கொடுப்பார்கள்? சினிமாவில் பத்துப் பெண்களைக் கட்டிக்கொடுத்த அப்பா, நிஜத்தில் ஒரு கல்யாணம் செய்துகொள்ளத் துப்பில்லை. வந்ததும் மிச்சத்தைத் திட்டுகிறேன்.

உன் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில், பிரித்தபடி, மேஜைமேல் மறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். மறதி எனக்கு ரொம்ப அதிகமாகிவிட்டது. வந்து பார்த்தால் கண்ணாடியும் இல்லை, கடிதமும் இல்லை, அவர் ஜன்னல் பக்கம் நின்று படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்து அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன். இரண்டு மாசத்தில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்கவில்லை.

"முட்டாப்பய. முப்பது வருஷம் கழிச்சு ஒரு சான்ஸ் வருது, அதை வேணாம்னு சொல்லிட்டு வந்திருக்கானே! என்னை ஒரு வார்த்தை கேட்டானா? எனக்கு அவன் மேல கோவம்லாம் இல்ல. சிரிச்சாங்க, சிரிச்சுட்டுப் போறாங்க. ஆனா அவன் பண்ணதே தப்பு. சாவியைக் கையில வெச்சுக்கிட்டே தட்டறான், கிலுகிலுன்னு. அதை முதல்ல பைக்குள்ள போட்டுட்டுத்தான் தட்டணும். உள்ள படுத்திருக்கறவ தூக்கம் கலைஞ்சுடாது?"

சொல்லிவிட்டு அவரே திகைத்து நின்றார். இத்தனை வருஷத்தில் எனக்கும் இது தெரியாது. நான் விழித்துத்தான் கிடந்தேன் என்பது அவருக்கும் தெரியாது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் போய், வேலை இல்லாவிட்டாலும் எதையோ துடைத்துக்கொண்டிருந்தோம்.

கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறைக்கு வந்து, "அவனை இங்க கூட்டிட்டு வந்துடலாம். படியில எப்படி ஏத்தறதுன்னு பார்க்கறேன்" என்றார். டிப்போவில் பேசி முடித்துவிட்டார். சனிக்கிழமை இரண்டு கண்டக்டர்களோடு வருகிறார். உன்னை நாற்காலியோடு தூக்கி மாடியேற்றப்போகிறார்களாம். அவர்கள் முன்னால் ஏதாவது வசனம் பேசி மானத்தை வாங்காதே.

பூட்டை மட்டும் அவர் இன்னும் தட்டவில்லை. அதைப் பற்றி நீ வந்து ஒன்றும் கேட்காதே, சொல்லிவிட்டேன். உன் பழைய பாயை உதறி வைத்திருக்கிறேன்.

அக்கா


மார்ச் 19, காலை பத்தரை மணி
உன் வீட்டு முன்அறை

அன்புள்ள அக்கா,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன் என்று சிரிக்காதே. இதை வாயால் சொன்னால் குரல் கெட்டுப்போகும், நடிக்கிறேன் என்பாய். அதனால் எழுதி உன் கணக்குப் புத்தகத்துக்குள் வைக்கிறேன்.

நீ எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம் போய்விட்டாய். அத்தான் எனக்கு முகம் கழுவிவிட்டார், டீ கொடுத்தார். வந்து பத்து நாளாகிறது, பூட்டைப் பற்றியோ படத்தைப் பற்றியோ நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. கிரிக்கெட், என் கால், கீழ்வீட்டுக்காரரின் ரேடியோ, இவ்வளவுதான் பேச்சு. எவ்வளவு நல்ல மனுஷனிடம் எவ்வளவு கேவலமாக நடந்துகொண்டேன் என்று நினைத்துக்கொண்டே ரேடியோவைப் பற்றிப் பேசுவது லேசான காரியம் இல்லை.

ஒன்பது மணிக்கு எனக்கு மாத்திரை தீர்ந்துபோனதைப் பார்த்தார். "கடைக்குப் போயிட்டு வந்துடறேன், அரை மணி நேரம்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. வலி மாத்திரை கண்ணை இழுத்துக்கொண்டிருந்தது, தூங்கிவிட்டேன் என்று நினைத்துவிட்டார். போர்வையை இழுத்து என் காலை மூடினார். என்னால் எழுந்து வந்து தாழ்ப்பாள் போட முடியாதல்லவா, அதனால் வெளியே பூட்டிக்கொண்டு போகக் கதவைச் சாத்தினார்.

செருப்பு அலமாரியில் ஏதோ கனமாக உரசியது. பிறகு பூட்டு விழுகிற சத்தம். உன் பழைய பூட்டு இல்லை, அது லொடலொடவென்று இருக்கும். இது டிப்போவில் கொடுத்த பித்தளைப் பூட்டு. சாவிக்கொத்து ஒரு தடவை கிலுங்கியது, பிறகு சத்தமே இல்லை. பைக்குள் போட்டிருக்கிறார்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன் அக்கா.

மூன்று தட்டு. மெதுவாக. நான் செய்த மாதிரி டமடமவென்று இல்லை, பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காது. பிறகு அவர் குரல்.

"பாத்துக்கோ."

செருப்புச் சத்தம் படியிறங்கி, தெருவில் கலந்து, போய்விட்டது. முப்பத்திரண்டு வருஷமாக அதை வெளியில் நின்று மட்டுமே பார்த்தவன், இன்றைக்கு உள்ளே இருந்து கேட்டேன். எனக்காகச் சொன்னார். உள்ளே நான்தான் இருந்தேன்.

நீ இனிமேல் எனக்கு எவ்வளவு மார்க் வேண்டுமானாலும் குறைத்துக்கொள். அவர் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது நான் தூங்குவது மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன். என் தொழிலிலேயே மோசமான நடிப்பு அதுதான், கண்ணோரத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, துண்டால் அதைத் துடைத்துவிட்டு, என்னை நம்புகிறவர் மாதிரியே மாத்திரையைத் தலைமாட்டில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

நாளைக்குக் காலையில் நீயும் கொஞ்சம் தாமதமாகக் கிளம்பு. உடம்பு சரியில்லை என்று சொல்லிப் படுத்துக்கொள். அவர் பால் வாங்கப் போவார். நீயும் கேள்.

ஒட்டடைக்குச்சி